பரீட்சைக் காலத்தில் பெற்றோர் தர்மம்

மாசி 20 நமக்கு அய்யா வைகுண்ட அவதார தினம். நாகர்கோவில் நாகராஜா கோவில் திடலில் இருந்து சாமிதோப்புப் பதிக்கு ஊர்வலம் போகிற நாள். நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். ஆனால் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் அது விடுமுறை மாதிரியே இருப்பதில்லை. காவிக் கொடிகளோடு நாம் ரோட்டில் போகும்போது, நெற்றியில் நாமத்தோடு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வாசலில் நின்று பார்க்கிற பிள்ளைகளை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

அந்த ஒரு மாதம் தாங்கலுக்கு வருகிற கூட்டமும் வேறு மாதிரி இருக்கும். வருஷம் முழுக்க வராத அப்பாமார்கள் வருவார்கள். பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் கொண்டுவந்து பள்ளியறை வாசலில் வைப்பார்கள். "அய்யாட்ட சொல்லுங்கோ, பிள்ளைக்கு 550-க்கு மேல வரணும்" என்று என்னிடம் சொல்வார்கள். பணிவிடை செய்கிறவன் என்பதால் என்னிடம் சொன்னால் சீக்கிரம் போய்ச் சேரும் என்று ஒரு எண்ணம். நம் வழியில் இடையிலே ஆள் கிடையாது, கண்ணாடி முன்னால் நீங்களே நின்று சொல்லலாம் என்று சொல்லிப் பார்ப்பேன். கேட்டுவிட்டு, மறுபடியும் என்னிடமே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. நான் 1986-இல் பத்தாம் வகுப்பு தேறியவன். அதற்கு மேல் படிக்கவில்லை. சைக்கிள் கடை வைத்துப் பிழைத்தேன், பிறகு அதுவே டூ வீலர் பஞ்சர் கடை ஆனது. பிள்ளை வளர்ப்பு பற்றி எழுத எனக்குப் பட்டம் ஒன்றும் இல்லை. ஒரு தப்பு செய்தவன் என்ற தகுதி மட்டும் இருக்கிறது. அந்தத் தப்பைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2014-ஆம் ஆண்டு என் மூத்த மகன் பிளஸ் டூ. அப்போது மொத்த மார்க்கு 1200. அவனை எஞ்சினியர் ஆக்கிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவனைக் கேட்டதாக நினைவு இல்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட் ஆஃப் பார்ப்பது எப்படி என்று கடைக்கு வருகிற ஒரு வாத்தியாரிடம் கேட்டுப் படித்துக்கொண்டேன். வீல் கழற்றிக்கொண்டே வாடிக்கையாளர்களிடம் அதைப் பேசுவேன். வட்டிக்கு வாங்கி ட்யூஷன் பீஸ் கட்டினேன். மகனிடம், "ஆயிரத்துக்கு மேல எடுத்தா பைக் வாங்கித் தாரேன்" என்றேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: "இல்லேன்னா இந்த வீட்டுல முகத்தக் காட்டாத. கடையில வந்து பஞ்சர் ஒட்டு." பஞ்சர் ஒட்டித்தான் அவனை வளர்த்தேன் என்பது அந்த நேரம் எனக்கு மறந்துவிட்டது.

அதோடு நிற்கவில்லை. தாங்கலில் கண்ணாடி முன்னால் நின்று, மகனுக்கு ஆயிரம் வந்தால் ஊருக்கே அன்னதர்மம் செய்கிறேன் என்று வேண்டினேன். கொஞ்சம் சத்தமாகவே வேண்டிவிட்டேன் போல. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "மக்கா, அய்யாட்டயே கணக்கு பேசுதியா? கைக்கூலி வாங்காதவருக்கு நீ என்ன கூலி குடுக்கப் போற?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. எழுத்து தெரியாத கிழவிக்கு எஞ்சினியரிங் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன்.

அவர் கேட்டது எனக்குப் புரிய நாள் ஆனது. காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம், காவடி வேண்டாம் என்று அய்யா விலக்கி வைத்ததற்குப் பொருள் என்ன? கொடுத்தால் தருவேன் என்ற பேச்சு தெய்வத்துக்கும் மனிதனுக்கும் நடுவே இருக்கக் கூடாது என்பதுதான். அன்னம் கொடுப்பது தர்மம். மார்க்கு வந்தால் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டால் அதே அன்னம் கூலியாகிவிடுகிறது. பானையும் அதே பானை, அரிசியும் அதே அரிசிதான். சரி, தெய்வத்திடம் பேசக் கூடாத பேரத்தைப் பெற்ற பிள்ளையிடம் மட்டும் பேசலாமா? பைக் என்பது கைக்கூலி. முகத்தைக் காட்டாதே என்பது அதைவிட மோசம். மார்க்கு இருந்தால்தான் உனக்கு இந்த வீட்டில் இடம் என்று அதற்கு அர்த்தம். நான் கோபத்தில் சொன்னேன், அவன் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டான். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அப்பன் பேச்சில் எது சும்மா சொன்னது, எது நிஜமாகச் சொன்னது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

முடிவு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் போனவன் ராத்திரி பத்து மணி வரை வரவில்லை. வீட்டில் அவன் அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பேருந்து நிலையத்தில் தேடினேன், கூட்டாளிகள் வீட்டில் தேடினேன், கடற்கரைக்கும் போனேன். கடற்கரையில் ராத்திரி ஒரு மணிக்கு அலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என்ன நினைத்தேன் என்று நான் இங்கே எழுத மாட்டேன். அந்த நேரம் அவன் எண்ணூறு எடுத்தால் என்ன, நானூறு எடுத்தால் என்ன என்று இருந்தது. கட் ஆஃப் என்ற சொல்லே நினைவில் இல்லை.

விடியற்காலம் உகப்படிப்புக்கு விளக்கேற்ற வேண்டும். வேறு யாரிடமும் சாவி இல்லை. அழுதுகொண்டேதான் தாங்கலுக்குப் போனேன். பின்பக்கத் திண்ணையில் சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு என் மகன் படுத்திருந்தான். தூங்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். அடிப்பேன் என்று நினைத்திருக்கிறான். "ஏம்மக்கா இங்க வந்து கெடக்க?" என்று கேட்டேன். "இங்க படுத்தா யாரும் மார்க்கு கேக்க மாட்டாவ" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். நம் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடிதான். எத்தனையோ ஆண்டுகளாக அதன் முன் நிற்கிறேன், என் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று தோன்றியது. வெளியே வந்து அவனுக்கு நாமம் சாத்தினேன். தொட்டு நாமம் சாத்துவது நம் வழியில் எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். தொடக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட நெற்றிகளைத் தொட்டுத்தான் இந்த வழி தொடங்கியது. பெற்ற மகன் நெற்றியை நான் அன்போடு தொட்டு எத்தனை மாதம் ஆகியிருந்ததோ, தெரியவில்லை.

நிழல் தாங்கல் என்று நம் முன்னோர் வெறுமனே பெயர் வைக்கவில்லை. வெயிலில் வந்தவன் யார், எவர் என்று கேட்காமல் ஒதுங்க இடம் கொடுப்பது அது. ஊருக்கு அப்படி ஓர் இடத்தைப் பெருக்கி மெழுகி வைத்திருந்த நான், என் வீட்டை அப்படி வைக்கவில்லை. அதனால்தான் அவன் அங்கே வந்து படுத்தான். அங்கே வந்தானே, வேறு எங்கும் போகவில்லையே என்பது அய்யா எனக்குக் கொடுத்த பிச்சை.

அன்று காலை வந்த முடிவில் அவன் தேறியிருந்தான், ஆயிரத்துக்கு வெகு தூரம் கீழே. இப்போது என்ன வேலை பார்க்கிறான், எவ்வளவு சம்பளம் என்று இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை. நல்ல வேலையில் இருக்கிறான் என்றால் நான் செய்த தப்பு சரியாகிவிடுமா? இல்லை என்றால் அவன் திண்ணையில் படுத்தது நியாயமாகிவிடுமா?

இதைத் தாங்கலில் ஒருமுறை பேசியபோது ஒரு பெரியவர் எழுந்து மறுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. "திருவிதாங்கூர் ராஜா காலத்துல தலைக்கும் வரி, பனைக்கும் வரி, கூலியில்லாத ஊழியம். கும்பிடுற கோயில் தெருவுல நடக்க முடியாது. அங்கேருந்து நம்ம சனம் தலை நிமிர்ந்தது படிப்பாலதான். நீ மார்க்கு பெருசில்லன்னு சொன்னா, பணக்காரன் பிள்ளைக்கு அது சரி. நம்ம பிள்ளைக்கு வேற என்ன ஏணி இருக்கு?"

நான் இதை லேசாகத் தள்ளிவிட மாட்டேன். என் அப்பா பனையேறியவர், கையெழுத்துப் போடத் தெரியாது. ஏடு வாசிப்பைக் கேட்டுக் கேட்டே அகிலத்திரட்டில் பெரும்பகுதி அவருக்கு மனப்பாடம். ஆனாலும் ஒரு மனு எழுத அடுத்தவன் கையைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. எழுத்து எங்கள் வீட்டுக்கு வந்தது என் காலத்தில்தான். பொதுத்தேர்வில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. விடைத்தாளின் மேல்பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் திருத்தக் கொடுக்கிறார்கள். திருத்துகிறவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது, அப்பன் தொழில் தெரியாது, சாதி தெரியாது. எழுதியதற்கு மட்டும் மார்க்கு. நம் முன்னோர் காலத்தில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அதைக் கண்ணில் ஒற்றியிருப்பார்கள். ஆகவே பரீட்சை வேண்டாம் என்றோ, படிக்காவிட்டால் போகிறது என்றோ நான் சொல்லவே மாட்டேன். உழைக்காத பிள்ளையைக் கண்டிக்கவும் வேண்டும்.

ஆனால் பெரியவரிடம் ஒன்று கேட்டேன். அந்தத் தாளைத் திருத்த எங்கோ ஒரு ஊரில் ஒரு ஆசிரியர் இருக்கிறார், அவர் தாளைத்தான் திருத்துகிறார். வீட்டில் நாமும் உட்கார்ந்து பிள்ளையையே திருத்தி மார்க்குப் போட்டுக்கொண்டிருந்தால், பிள்ளைக்குத் திருத்தாமல் சோறு போட யார் இருக்கிறார்கள்? ஏணி வேண்டும், சரி. ஏறுகிறவன் வழுக்கினால் கீழே ஒரு ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாமா? என் அப்பா பனையில் ஏறும்போது அம்மா கீழே நின்று, "இன்னிக்கு எத்தன கலயம்?" என்று கத்தியதில்லை. பெரியவர் சிரித்தார். ஒத்துக்கொண்டாரா என்பது தெரியாது.

சரி, என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் இரண்டாவது பிள்ளை மகள். அவள் பரீட்சை எழுதிய காலத்தில் நானும் அவள் அம்மாவும் செய்தவை ரொம்பச் சாதாரணமானவை.

ராத்திரி அவள் படிக்கும்போது நாங்கள் டிவி போடவில்லை. வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தவர்கள் குடும்பம் குடும்பமாகத்தான் போனார்கள் என்று படித்திருக்கிறோம். பிள்ளையை மட்டும் தவசுக்கு உட்கார வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் நாம் சீரியல் பார்த்தால் அது என்ன தவசு? நான் செல்போனை அணைத்துவிட்டு, பழைய டியூபுகளை வெட்டிக்கொண்டு திண்ணையில் சும்மா இருப்பேன். பதினொரு மணிக்கு மேல் படிக்க விடவில்லை. தூங்காத பிள்ளைக்குப் படித்தது நிற்காது. பரீட்சை அன்றைக்கு வயிற்றுக்குப் புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லை, வழக்கமான இட்லிதான்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறேன். மகன் படித்தபோது அவன் ஒரு டம்ளரைக்கூடக் கழுவியதில்லை. மகள் படிக்கும்போது, தண்ணீர் பிடித்து வைத்து, பாத்திரம் தேய்த்து, தாத்தாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுத்தாள். ஜனவரி வரை எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. அவள் அம்மாதான் ஒரு நாள் கரண்டியை ஓங்கி வைத்துவிட்டு, "இதுக்கும் அவளுக்கு மார்க்கு போடுவாங்களா?" என்று கேட்டாள். அடுத்த நாளில் இருந்து பாத்திரம் நான் தேய்த்தேன். நம் வீடுகளில் பெண் பிள்ளைகள் இத்தனையும் செய்துகொண்டுதான் பரீட்சை எழுதுகிறார்கள்.

பரீட்சை முறையைப் பெற்றோர் தெரிந்து வைத்திருந்தால் தேவையில்லாத சண்டை குறையும். இப்போது பிளஸ் டூ மொத்தம் 600. இயற்பியல், வேதியியல் மாதிரிப் பாடங்களில் எழுத்துக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. காலை பத்து மணிக்குக் கேள்வித்தாள் கையில் வந்ததும் வாசித்துப் பார்க்கவே பத்து நிமிஷம் கொடுக்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷம் பதறாமல் வாசிக்கிற பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும். வாசலில் வழியனுப்பும்போது, "அந்த அஞ்சு மார்க்கு கேள்விய மறந்துறாத" என்று நாம் கடைசியாகப் போடுகிற குண்டுதான் அதைக் கெடுக்கிறது. தண்ணீர் பாட்டில் எடுத்தாயா என்று கேட்டால் போதும். திரும்பி வந்ததும் கேள்வித்தாளைப் பிடுங்கி ஒவ்வொரு ஒரு மார்க்குக்கும் விடை சரிபார்க்கிற பழக்கத்தை நான் நிறுத்தினேன். எழுதியதை இனி மாற்ற முடியாது, அடுத்த பரீட்சை இருக்கிறது.

தோற்றுப்போனால்? அதையும் பரீட்சைக்கு முன்பே வீட்டில் ஒரு தடவை பேசிவிட வேண்டும் என்பது என் கருத்து. பேசினால் அபசகுனம் என்பார்கள். நம் வழியில் சகுனம் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ ஒரு பாடம் போனால் அதே ஆண்டில் ஜூன், ஜூலை வாக்கில் துணைத்தேர்வு உண்டு. அதில் தேறி அதே ஆண்டில் மேலே சேர்ந்தவர்கள் நம் தாங்கலிலேயே இருக்கிறார்கள். மார்க்கில் சந்தேகம் என்றால் விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டல் கேட்கலாம். இதெல்லாம் பிள்ளைக்கு முன்னமே தெரிந்திருந்தால், தோல்வி என்பது கிணறு மாதிரித் தெரியாது, ஒரு மேடு மாதிரித் தெரியும்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் ஆகிவிட்டால், "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நல்லது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள். நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், கேட்பதுதான் நல்லது. ராத்திரி தனியாக விடாதீர்கள். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, மருத்துவ உதவி எண் 104, மனநல ஆலோசனைக்கு 14416. மூன்றையும் அடுப்படிச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தாங்கல் சுவரிலும் எழுதியிருக்கிறோம். சாமி இடத்தில் போன் நம்பரா என்று ஒருவர் கேட்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

தாங்கல்காரர்களாகிய நம்மிடமும் இரண்டு குறை உண்டு. ஒன்று ஒலிபெருக்கி. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. ஆனாலும் நாங்கள் விடியற்காலம் நாலு மணிக்கே குழாயைத் திறந்துகொண்டிருந்தோம். போன பங்குனியில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா வந்து, "அண்ணே, அய்யாவுக்கு காது நல்லா கேக்கும், கொஞ்சம் கொறச்சு வையுங்கோ" என்றார். கமிட்டியில் பெரிய வாக்குவாதம் நடந்தது. இப்போது உகப்படிப்பை வாயால்தான் படிக்கிறோம். கூட்டம் குறையவில்லை.

இரண்டாவது, திருநாளில் முதல் மூன்று மார்க்கு எடுத்த பிள்ளைகளை மேடையில் ஏற்றிப் பரிசு கொடுப்பது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசாங்கமே 2017-இல் நிறுத்திவிட்டது. நாம் மைக்கில் மார்க்கை வாசிக்கிறோம். மூன்று பிள்ளைகள் மேடையில் நிற்கும்போது பந்தலுக்கு வெளியே பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முப்பது பிள்ளைகளை யாரும் பார்ப்பதில்லை. சமபந்தியில் இலை போடும்போது நாம் மார்க்குக் கேட்டா போடுகிறோம்? இரண்டு ஆண்டு பேசியதற்குப் பிறகு இந்த ஆண்டு பரீட்சை எழுதின எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி நோட்டும் பேனாவும் கொடுப்பது என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. பரிசுக்குப் பணம் தருகிற ஒருவர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். அந்தத் தொகைக்கு இன்னும் வழி பார்க்கவில்லை.

முடிவு வருகிற நாளுக்கு முந்தின இரவு தாங்கலின் பின்பக்கத் திண்ணை விளக்கை நான் அணைப்பதில்லை. ஒரு பானையில் கஞ்சியும் கொஞ்சம் காணத் துவையலும் இருக்கும். போன ஆண்டு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். சாப்பிட வைத்தேன். வீட்டு நம்பர் மட்டும் வாங்கி, "பிள்ள இங்கதான் இருக்கு, பயப்படாதீங்க" என்று சொன்னேன். ஒரு பிள்ளையின் அப்பா அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். வந்தவர் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அவரும் திண்ணையில் மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் ஒரு கும்பா கஞ்சி ஊற்றினேன்.

அய்யா உண்டு.